கோமுவின் கால் தரையில் பட்ட கதை

கோணங்குளத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். அதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. அந்த ஊரில் நாலு தச்சர்கள் இருந்தார்கள். பிரம்மநாயகம்தான் மூத்தவர், மேஸ்திரி. அவருக்குக் கீழே குட்டையாக, தடியாக ஒரு மாசானம். நடுத்தரமாக ஒரு உலகு. தென்னைமரத்தில் பாதி உயரத்துக்கு ஒரு வெள்ளப்பாண்டி. இவர்கள் இழைத்த பலகையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கையில் அவ்வளவு சுத்தம். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள் என்பதுதான் ஒரே குறை. "கதவு காத்துல அடிக்குது, அடிக்காம பண்ணிக் குடுங்க" என்று கேட்ட ஒருவருக்குக் கதவைக் கழற்றி, வீட்டுக்குள்ளே பாய்மேல் படுக்கவைத்துவிட்டு வந்த ஆட்கள்.

பிரம்மநாயகத்துக்கு ஒரே மகள், கோமு. இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலேயே ஆகச் சின்ன உருவம் அதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடந்த பெஞ்சு, டெஸ்க்கு எல்லாம் டவுனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று வேண்டாமென்று கழித்துவிட்டவை. மீசை முளைத்த பையன்கள் உட்கார்ந்த பெஞ்சில் பால்பல் விழாத பிள்ளைகளை உட்காரவைத்தால் என்ன ஆகும்? கோமுவின் கால் அந்தரத்தில் தொங்கும். டெஸ்க்கு விளிம்பு மூக்குக்கு நேராக இருக்கும். தாடையை டெஸ்க்கில் முட்டுக்கொடுத்துத்தான் 'அ' எழுதவேண்டும். ஒருநாள் கால் மரத்துப்போய், பெஞ்சிலிருந்து வழுக்கி டெஸ்க்குக்கு அடியில் போய்விட்டது பிள்ளை. மணியடித்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் டீச்சரே பார்த்தார்.

"இனிமே நான் பள்ளிக்கூடம் போவமாட்டேன்" என்று கோமு அழுதது. மகள் அழுதால் பிரம்மநாயகத்துக்குப் பொறுக்காது. நேரே தெருவுக்கு வந்தார். ஊரே கேட்கும்படி சத்தியம் செய்தார்.

"எம் மவ காலு பள்ளிக்கூடத்துத் தரையில படுத வரைக்கும் ஏங் குண்டி எங்கயும் படாது!"

சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அவர் உட்காரவில்லை. சோற்றுத் தட்டை ஜன்னலில் வைத்து நின்றபடி சாப்பிட்டார். படுப்பதில்தான் ஒரு சிக்கல் வந்தது.

"குப்புறப் படுக்கலாம், தப்பில்ல" என்றான் உலகு. "சத்தியத்துல படுக்கையப் பத்திப் பேச்சே இல்ல."

"படுக்கணும்னா முதல்ல உக்காரணும்லா?" என்றான் மாசானம். "உக்காராம ஒருத்தன் எப்படிப் படுப்பான்?"

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஆகவே தினமும் மூன்று பேருமாக வந்து, பிரம்மநாயகத்தை விறைப்பாக நிற்கவைத்து, உத்தரத்தைச் சாய்ப்பது போல மெதுவாகச் சாய்த்துப் பாயில் குப்புறக் கிடத்துவார்கள். காலையில் வந்து அதேமாதிரி நிமிர்த்துவார்கள். ஒருநாள் வெள்ளப்பாண்டி வர நேரமாகிவிட்டது. மேஸ்திரி வெயில் ஏறும்வரை குப்புறவே கிடந்தார்.

நல்லவேளையாக அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது நாற்காலி, டெஸ்க்கு செய்ய மரம் வந்து இறங்கியது. தலைமையாசிரியை ஞானசவுந்தரி டீச்சர் நாலு பேரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார் டீச்சர். "உங்க உடம்புக்குச் செய்யாதீங்க, பிள்ளைங்க உடம்புக்குச் செய்யுங்க. உக்காந்தா பாதம் முழுசா தரையில படணும். முழங்கால் நேரா மடங்கணும். முழங்கை டெஸ்க்கு மேல சும்மா படியணும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையும் அஞ்சாங்கிளாஸ் பிள்ளையும் ஒரே உயரமா இருக்கு? அதனால மூணு அளவு வேணும். முதல்ல பிள்ளைங்களை அளந்துருங்க."

நாலு பேரும் பக்தியாகத் தலையாட்டினார்கள்.

முதல் நாள் சணலை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளை அளந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு. முழங்காலிலிருந்து பாதம்வரை வைத்து அறுத்துக்கொண்டார்கள். வேலை சரியாகத்தான் நடந்தது. அளந்து முடித்ததும் மாசானத்துக்கு ஒரு கவலை வந்தது.

"இத்தனை துண்டு இருக்கே, ஒண்ணு தொலைஞ்சாலும் ஒரு பிள்ளை நிக்கணுமே."

தொலையாமல் இருக்க எல்லாத் துண்டையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டார்கள். பட்டறையில் வந்து பிரித்தால் சணல் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டிக் குளத்தங்கரை வரைக்கும் போயிற்று.

பிரம்மநாயகம் அந்த முனையில் நின்று இந்த முனையைப் பார்த்தார். "முழங்காலுக்குக் கீழயே இம்புட்டு நீளமா? ஏலே, யாரு பெத்த பிள்ளைல இது?"

"எந்தப் பிள்ளையா இருந்தாலும் பெத்தவளை நெனைச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று உலகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த அளவுக்கு நாற்காலி செய்ய மரம் போதாது என்று தெரிந்ததால் டீச்சரிடம் திரும்பிப் போனார்கள். டீச்சர் சணலைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். "பிள்ளைங்களை நிக்கவச்சு அளக்காதீங்க. உக்காரவச்சு அளங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் முதல் காலாண்டு லீவு. டீச்சர் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பட்டறையில் கூட்டம் கூடியது.

"உக்காரவச்சு அளக்கணுமாம்" என்றார் பிரம்மநாயகம். "எதுல உக்காரவைக்க?"

"நாக்காலியிலதான்."

"நாக்காலி எங்கல இருக்கு?"

"இனிமேதானே செய்யணும்."

"செய்யணும்னா அளவு வேணும்லா?"

"அளவு வேணும்னா பிள்ளை உக்காரணும்லா?"

"உக்காரணும்னா நாக்காலி வேணும்லா?"

சாயங்காலம்வரை இதே பேச்சு. பழைய பெஞ்சில் உட்காரவைக்கலாமே என்று தெருவில் போன ஒருவர் சொன்னார். அந்தப் பெஞ்சில் உட்காரக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடும் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வெள்ளப்பாண்டிக்குத்தான் வழி தோன்றியது. "நாமளே நாக்காலியா நிப்போம்."

மூணு அளவு வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூணு ஆள் கையிலேயே இருந்தார்கள். கடவுள் எதையும் காரணமில்லாமல் படைப்பதில்லை என்று பிரம்மநாயகம் கும்பிட்டுக்கொண்டார்.

மூன்று பேரும் கையை ஊன்றி, காலை ஊன்றி, மாடு மாதிரி வரிசையாக நின்றார்கள். ஊர்ப் பிள்ளைகள் அவர்கள் முதுகில் ஏறின. கோமு மாசானத்தின் மேல். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. நெளிந்தன, குதித்தன, ஹை ஹை என்று ஓட்டின. பிரம்மநாயகம் அளவுகோலோடு சுற்றிச்சுற்றி வந்தார். ஒரு அளவும் நிற்கவில்லை.

"ஆடுத பிள்ளைய அளந்தா நாக்காலியும் ஆடும்" என்றார் அவர். "ஆடாம நிக்கிறது யாரு? நம்ம மாசானம்தான். அவனை அளந்துருவோம்."

அப்படியாக மாசானத்தின் முதுகு உயரம் சின்ன அளவு, உலகுவின் முதுகு உயரம் நடு அளவு, வெள்ளப்பாண்டியின் முதுகு உயரம் பெரிய அளவு என்று ஆயிற்று. டெஸ்க்குக்கு அளவெடுக்க, "முழங்கையைக் காட்டுங்க பிள்ளையளா" என்றார். எல்லாப் பிள்ளைகளும் முழங்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டின. அந்த உயரத்துக்கே டெஸ்க்கு செய்தார்கள். பிற்பாடு அந்த டெஸ்க்குகளை வெளியே போட்டபோது, அவற்றுக்கு அடியில் ஆடுகள் தாராளமாக நின்று அசைபோட்டன.

நாற்காலிகளின் அழகைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு காலிலும் வளையம் வளையமாகக் கடைசல். முதுகு சாயும் இடத்தில் ஒரு மயில். வகுப்பில் கொண்டுபோய் வைத்துக் கோமுவைத் தூக்கி உட்காரவைத்தார் பிரம்மநாயகம். கால் தரைக்கு மேலே ஒரு சாண் தூக்கலாகத் தொங்கியது.

வெள்ளப்பாண்டிதான் தயங்கித்தயங்கி, "அண்ணாச்சி, நாக்காலிக் காலக் கொஞ்சம் அறுத்துட்டா என்ன?" என்றான்.

மாசானம் பதறிப்போய் நாற்காலியைத் துண்டால் மூடினான். "அது முன்னால இப்படியால பேசுவ?"

"கடைசல் பிடிச்ச காலுல" என்றார் பிரம்மநாயகம். நாற்காலிக் காலைத் தடவிக்கொடுத்தார். "வளைய வளையமா பிள்ளை மாதிரி பாத்துப்பாத்துச் செஞ்சது. அறுன்னு சொல்ல ஒனக்கு எப்படில மனசு வந்துச்சு?"

வெள்ளப்பாண்டி வெட்கப்பட்டுப் போய் மூலையில் நின்றான்.

"டீச்சரம்மா என்ன சொன்னாவ?" என்று உலகு ஆரம்பித்தான். "காலு தரையில படணும்னாவ. நாக்காலி மேல ஒரு குத்தமும் சொல்லலை."

"பிள்ளை மேலயும் குத்தம் சொல்ல முடியாது. அது பச்சை மண்ணு."

"அப்பம் யாரு மேலதான் தப்பு?"

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தரை ஒன்றும் அறியாதது போலக் கீழே கிடந்தது.

ஒரு சாண் குறைகிறது. ஒரு சாண் தரையை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. குளத்திலிருந்து கரம்பை மண் வெட்டிக் கூடைகூடையாகச் சுமந்தார்கள். நாற்காலியில் மண் பட்டுவிடக் கூடாதல்லவா? எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வகுப்பு முழுக்க ஒரு சாண் உயரத்துக்கு மண் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து மட்டம் பண்ணினார்கள். பிறகு நாற்காலிகளைத் துடைத்து உள்ளே கொண்டுவந்து, மண் மேலே வைத்து, கோமுவை உட்காரவைத்தார்கள்.

கால் ஒரு சாண் தூக்கலாகத் தொங்கியது.

"மண்ணு எங்கல போச்சு?" என்றார் பிரம்மநாயகம்.

"எவனோ களவாண்டுட்டான் அண்ணாச்சி."

"நாம இங்கனயேதானே நிக்கோம்?"

உலகு நாற்காலியை உற்றுப் பார்த்தான். "தரை ஏறுனதும் நாக்காலியும் கூடவே ஏறிருச்சு அண்ணாச்சி."

"அது ஏன்ல ஏறணும்?"

"பொறாமைதான். வேற என்ன?"

பிரம்மநாயகத்துக்கு அது பட்டென்று விளங்கிவிட்டது. மரத்திலும் நல்ல மனசு உண்டு, கெட்ட மனசு உண்டு. ஆகவே அடுத்த தடவை நாற்காலிகளைத் தூரத்தில், புளியமரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், மயில் இருந்த பக்கத்தைக் குளத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் வாயே திறக்கவில்லை. மாசானத்துக்குத் தும்மல் வந்தது; ஊர் எல்லைக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான். இன்னொரு சாண் ஏறியது தரை. நாற்காலி வந்தது. கோமு உட்கார்ந்தது.

ஒரு சாண்.

"எவனோ போய்ச் சொல்லிட்டான்" என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

லீவு முழுக்க இதே வேலை. கரும்பலகை புதைந்துபோய், தேதி எழுதுகிற மேல்வரி மட்டும் தெரிந்தது. டீச்சருடைய மேசையை எடுக்கும்படி யாரும் சொல்லாததால் அது இருந்த இடத்திலேயே அடியில் போனது. வாசல் முக்கால்வாசி மூடிக்கொண்டது. எல்லாரும் ஜன்னல் வழியாக வந்துபோனார்கள். தரை ஏற ஏறக் கூரை தலையில் இடித்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்துகொள்வார்கள். பாவம், பிரம்மநாயகம்தான் உட்காரவும் கூடாமல் நிமிரவும் முடியாமல் வளைந்து நின்றார். அதைக் காணச் சகிக்காமல் உலகு அந்த இடத்து ஓடுகளைப் பிரித்துவிட்டான். மேஸ்திரியின் தலையும் தோளும் கூரைக்கு மேலே வந்தன. காற்று நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் காலை என்ன செய்வது? கணுக்கால் வீங்கிவிட்டது. கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. தெருவில் யாராவது குத்தவைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அவருக்குக் கண் கலங்கும். வெந்நீர் ஊற்றுகிற சாக்கில் கோமு ஒருநாள் அவர் காலைக் கட்டிக்கொண்டது.

"அப்பா, நீங்க உக்காருங்கப்பா. நான் காலைத் தொங்கப்போட்டே படிச்சுக்கிடுதேன்."

"மாட்டேன்மா" என்றார். "ஒன் காலு படட்டும். அப்புறம் அப்பா உக்காந்தா எந்திரிக்கவே மாட்டேன், பாரு."

கோமு அழுதது. அவரும் அழுதார், நின்றபடியே.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. ஐப்பசிக்குக் காத்திராமல் அடைமழையும் அன்றே வந்தது. ஞானசவுந்தரி டீச்சர் குடையோடு வந்தவர், பள்ளிக்கூடத்துக் கூரைமேல் ஒரு தலை நனைந்துகொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி! மழையில கூரைமேல என்ன பண்றீங்க?"

"கூரையில இல்ல டீச்சரம்மா" என்றார் பிரம்மநாயகம். "வகுப்புலதான் நிக்கேன்."

டீச்சர் ஒரு கல்லின் மேல் ஏறி ஜன்னல் வழியாக உள்ளே வந்தார். ஓடு பிரித்த வழியாக மழை கொட்டிக் கரம்பை மண் களியாகக் குழைந்து கிடந்தது. கரும்பலகையைத் தேடினார். மேசையைத் தேடினார். என்ன சொல்வதென்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோதே பிரம்மநாயகம் குனிந்து, கடைசியாக ஒரு தடவை என்று கோமுவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். கால் வழக்கம்போல ஒரு சாண் தூக்கலாகத் தொங்கியது. அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி" என்றான் மாசானம், மெல்ல. "இங்க பாருங்க."

கோமுவின் பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் இருந்த இடத்தில் இப்போது நாலு விரல்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க இரண்டு விரலாயிற்று. நாற்காலியின் கால்கள் களியில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அதை யார் பார்த்தார்கள்? நாலு பேர் கண்ணும் பிள்ளையின் பாதத்தில்தான் இருந்தது.

"பிள்ளை காலு வளருதுடோய்!" என்று உலகு கத்தினான். "மழைத்தண்ணி பட்டதும் வளருது! முன்னாலயே தண்ணி ஊத்தியிருக்கலாமே!"

இரண்டு விரல் ஒரு விரலாயிற்று. பிறகு இரண்டு பாதமும் மெத்தென்று மண்ணில் படிந்தன. பாதம் தாங்கியதும் நாற்காலியும் நின்றுவிட்டது.

"அப்பா! படுது!" என்றது கோமு. "முழுசா படுதுப்பா!"

பிரம்மநாயகம் தேம்பித்தேம்பி அழுதார். அவ்வளவு சந்தோஷம். மற்றப் பிள்ளைகளும் ஜன்னல் வழியாகக் குதித்து வந்து ஆளுக்கொரு நாற்காலியில் ஏறின. அவரவர் நாற்காலி அவரவர் கால் படுகிறவரை இறங்கி, அங்கங்கே நின்றது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸ் உயரம், அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்கு அஞ்சாங்கிளாஸ் உயரம். முழங்காலெல்லாம் நேராக மடங்கியிருந்தது. வாயில் வந்த வசவை டீச்சர் அப்படியே விழுங்கிக்கொண்டார். எந்த இடத்தில் தப்பு சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. "மழை விடுறவரைக்கும் எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார். கோமு மட்டும் எழுந்திருக்க மறுத்துவிட்டது. இத்தனை நாள் கழித்துப் பட்ட காலை யார் எடுப்பார்கள்?

"அண்ணாச்சி, சத்தியம் நிறைவேறிருச்சு. உக்காருங்க" என்றான் வெள்ளப்பாண்டி.

பிரம்மநாயகம் ஒரு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். "முதல்ல எதை மடக்கணும்ல? மறந்துபோச்சு."

முழங்கால்தான் முதலில் என்றான் மாசானம். இடுப்புதான் என்றான் உலகு. வெள்ளப்பாண்டி இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டியும் முடிவு தெரியவில்லை. கடைசியில் மாசானம் பின்னாலிருந்து முழங்காலை மடக்க, உலகு முன்னாலிருந்து இடுப்பை மடக்க, மேஸ்திரி பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலி மறுபேச்சில்லாமல் பலகைவரை களிக்குள் இறங்கிவிட்டது. மயில் மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. அவருடைய முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"ஆகா" என்று கண்ணை மூடினார் பிரம்மநாயகம்.

"இது சரியில்லையே" என்றான் உலகு. "முழங்கால் நேரா மடங்கணும்னு டீச்சரம்மா சொன்னாவல்லா? இது காதுகிட்டல்லா நிக்குது?"

"அப்பம் தரை ஒசரம்."

"ஆமா. இவருக்குத் தரை ஒசரம்."

அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. மண்வெட்டி வந்தது. பிரம்மநாயகம் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் காலுக்குக் கீழே குழி தோண்டினார்கள். களிமண் அல்லவா, லேசாக வந்தது. மூன்று பேரும் ஆசையாசையாகத் தோண்டினார்கள். போதும் என்று நிறுத்தியபோது குழி இடுப்பளவு ஆகியிருந்தது. அவர் காலை இறக்கினார். முழங்கால் ரொம்ப அழகாக மடங்கியது. பாதம்தான் அந்தரத்தில் தொங்கியது.

மூன்று பேரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாதம் முழுசா தரையில படணும்" என்றான் மாசானம். "அதைத்தானே டீச்சரம்மா முதல்ல சொன்னாவ?"

"கொஞ்சம் முன்னால நகருங்க அண்ணாச்சி" என்றான் வெள்ளப்பாண்டி.

பிரம்மநாயகம் நகர்ந்தார்.

"படுதா?"

"படலைல."

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். நாற்காலிப் பலகை அவருக்குப் பின்னால் தங்கிவிட்டது. பாதம் இரண்டும் சளக்கென்று குழியின் அடியில் போய் முழுசாகப் பதிந்தன.

"படுது!" என்றார் பிரம்மநாயகம்.

"அப்பம் சரி" என்றான் உலகு. மூன்று பேரும் கையைக் கழுவிக்கொண்டு, மேஸ்திரியின் களைப்பைக் கலைக்க வேண்டாமென்று ஓசைப்படாமல் ஜன்னல் வழியாக வெளியே போனார்கள்.

மழை விட்டதும் விட்டுப்போன குடையை எடுக்க டீச்சர் திரும்பி வந்தார். மயில் நாற்காலிக்கு முன்னால், இடுப்பளவு குழிக்குள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிரம்மநாயகம் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"என்ன அண்ணாச்சி, இன்னும் ஏன் நிக்கிறீங்க?" என்றார் டீச்சர்.

கோமு பக்கத்து நாற்காலியிலிருந்து உதட்டில் விரலை வைத்தது.

"சத்தம் போடாதீய டீச்சர். எங்கப்பா இப்பந்தான் உக்காந்திருக்காவ."